பேத்தியைப் பற்றி நான் போட்ட கையெழுத்து

என் பேத்திக்கு வேலை கிடைத்த கதை உங்களுக்கு எதற்கு? உங்கள் வீட்டில் உலை வைக்கவில்லையா? மழை வருகிறது, முதலில் கொடியில் கிடக்கிற துணியை எடுங்கள். எந்தப் பெண் எங்கே வேலை பார்க்கிறாள், முந்தின இடத்தை ஏன் விட்டாள் என்று கேட்காவிட்டால் சிலருக்குச் சோறு இறங்காது. கேட்டதில் பாதியை மறந்துவிட்டு மீதியை ஊதிப் பெரிதாக்கி அடுத்த வீட்டில் போய்ச் சொல்வீர்கள். அதற்கு நானே சொல்லிவிடுகிறேன். பெரிதாக்க வேண்டிய இடத்தில் நானே பெரிதாக்கிக்கொள்வேன், உங்களுக்குச் சிரமம் வேண்டாம்.

நான் மூன்றாம் வகுப்பு வரை போனவள். நாலாம் வகுப்பு என்னைத் தேடி வரவில்லை, நானும் அதைத் தேடிப் போகவில்லை. இங்கே திருவனந்தபுரத்தில், தம்பானூரில் ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்பு துவைத்து மடித்தே என் காலம் போனது. இண்டர்வியூவுக்கு வந்து தங்குகிற பிள்ளைகளின் விரிப்பை நான் தொட்டவுடன் கண்டுபிடிப்பேன். ஓரத்தில் மட்டும் கசங்கியிருக்கும். படுத்திருக்கவே மாட்டார்கள், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தே விடிய வைத்திருப்பார்கள். நம் வீட்டுக் கட்டிலிலும் ஒருநாள் அப்படி ஒரு விரிப்பைப் பார்ப்பேன் என்று நான் நினைக்கவில்லை.

பேத்தி என் மகள் வயிற்றுப் பிள்ளை. மகளும் மருமகனும் நாகர்கோவிலில் கடை வைத்திருக்கிறார்கள். இவள் இங்கே என்னோடு இருந்து படித்து எஞ்சினியர் ஆனாள். ஊருக்கு வெளியே பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. செய்து வருகிற சாமானை அளந்து, தட்டி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போட வேண்டும். சரியில்லாவிட்டால் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டித் தொங்கவிட வேண்டும். அட்டை தொங்கினால் அந்தச் சாமான் வாசலைத் தாண்டக் கூடாது. அவ்வளவுதான் வேலை. இதற்கு நாலு வருஷம் காலேஜா என்று நான் கேட்டபோது அவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

ஒருமுறை பம்புக்குள் வைக்கிற வார்ப்பிரும்புச் சாமான் ஒரு லோடு வந்தது. அதில் முடியிழை போல விரிசல். இவள் சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டாள். மேனேஜர் வந்து, தண்ணீர் ஒழுகவில்லையே, அனுப்பலாம் என்றார். இன்றைக்கு ஒழுகாது, ஆறு மாதத்தில் ஒழுகும் என்று இவள் சொன்னாள். மறுநாள் போய்ப் பார்த்தால் அட்டையைக் காணோம், சாமான் லாரியில் ஏறியிருக்கிறது. இவள் சுடிதாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு லாரியில் ஏறி, புது அட்டை கட்டிவிட்டு இறங்கியிருக்கிறாள். லாரி டிரைவர் கைதட்டினாராம். மேனேஜர் கைதட்டவில்லை. கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் போ என்றார். இவள் போனாள்.

போனதிலும் ஒரு கிறுக்குத்தனம். ராஜினாமாக் கடிதத்தில், இன்ன விரிசல் உள்ள சாமானுக்குக் கையெழுத்துப் போடச் சொன்னதால் போகிறேன் என்று முழுசாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"ஏட்டி, யாராவது காரணத்த எழுதுவாளா? சொந்தக் காரணம்னு ரெண்டு வார்த்த எழுதினா கை ஒடிஞ்சிருமா?" என்று கேட்டேன்.

"அது எனக்குச் சொந்தக் காரணம் இல்லியே ஆச்சி. அவியளுக்குச் சொந்தமான காரணம்லா?"

இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், ஆனால் உங்களிடம் சொல்ல மாட்டேன்.

திருவனந்தபுரத்தில் கோயில் உண்டு, ஆபீஸ் உண்டு, ஆஸ்பத்திரி உண்டு. பட்டறையும் தொழிற்சாலையும் அந்த அளவுக்குக் கிடையாது. இருக்கிற கொஞ்சமும் ஒன்றுக்கொன்று தெரிந்தவை. இவள் ஒரு கம்பெனிக்குப் போவாள். கேட்டதற்கெல்லாம் டக்கு டக்கென்று பதில் சொல்வாள். அவர்களும் சிரித்துப் பேசி, திங்கட்கிழமை கூப்பிடுகிறோம் என்பார்கள். அதற்குள் பழைய மேனேஜருக்கு ஒரு போன் போகும். அவர் கெட்டவார்த்தை எதுவும் சொல்ல மாட்டார். "நல்ல பிள்ளைதான், நல்ல வேலைதான்" என்று சொல்லிவிட்டு ஒரு மூச்சு விடுவாராம். "ஆனா ஒத்துப்போறது கொஞ்சம் கஷ்டம்." அந்த மூச்சுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. திங்கட்கிழமை வரும், போன் வராது. ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிற நல்ல மனசுக்காரி ஒருத்தி ரகசியமாகச் சொன்ன பிறகுதான் எங்களுக்கே இது தெரிந்தது.

இப்படி நாலு கம்பெனி போய்விட்டது.

கம்ப்யூட்டர் வேலைக்குப் போ என்றார்கள் சிலர். சர்க்கார் பரீட்சை எழுது என்றார்கள் சிலர். இவள் அசையவில்லை. நான் இரும்புக்குப் படித்தேன், இரும்பு வேலைதான் பார்ப்பேன் என்றாள். ஒவ்வொரு இண்டர்வியூவுக்கும் அதே சாம்பல் நிறச் சட்டை. முந்தின நாள் தெருக்கோடியில் வண்டி போட்டிருக்கிற இஸ்திரிக்காரரிடம் கொடுத்து வாங்குவாள். அந்தச் சட்டைக்கு எத்தனை பொத்தான், எதில் நூல் தளர்ந்திருக்கிறது என்று அவருக்கு மனப்பாடம்.

நானும் புத்தி சொல்லிப் பார்த்தேன். "மக்ளே, ஏன் விட்டேன்னு கேட்டா உடம்புக்குச் சொகமில்லன்னு சொல்லு. அந்த லாரிக் கதய எடுக்காத."

"எடுப்பேன். நானே முதல்ல சொல்லிருவேன். போன்ல அடுத்தவன் சொல்றதுக்கு முன்னால."

"சொல்லிச் சொல்லித்தானே நாலும் போச்சு!"

"அஞ்சாவதும் போட்டும். ஆறாவது வரும்லா?"

இந்த இடத்தில் என் திருட்டுத்தனத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேற்கொண்டு புரியாது. இவளுக்குத் தெரியாமல் நானும் என் மகளும் நாகர்கோவிலில் ஒரு தரகரிடம் இவள் ஜாதகத்தைக் கொடுத்திருந்தோம். வேலை கிடைக்கிற வரை கல்யாணப் பேச்சே கூடாது என்று இவள் சொல்லியிருந்தாள். ஜாதகம் கொடுப்பது பேச்சு ஆகாது என்று நாங்கள் இருவரும் முடிவுசெய்தோம்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் நேராகப் பெண் வீட்டுக்கு வர மாட்டார்கள். முதலில் ஒரு ஆள் தெருவுக்கு வருவார். கடையில், பக்கத்து வீட்டில் மெல்ல விசாரிப்பார். பெண் எப்படி, குணம் எப்படி என்று கேட்பார். தான் யார் என்று சொல்ல மாட்டார். நாமும் கேட்கக் கூடாது. மாப்பிள்ளை என்ன உயரம், என்ன வேலை என்று அன்றைக்கே கேட்டால், பெண் வீட்டார் பறக்கிறார்கள் என்று பேர் வரும். அதனால் விவரம் தெரிந்த பெண் வீட்டார் தெருவை முன்கூட்டியே தயார் செய்து வைப்பார்கள். நானும் செய்தேன். இஸ்திரிக்காரரையும் எதிர்வீட்டுச் சேச்சியையும் கூப்பிட்டு, யாராவது வந்து கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று தடவை ஒப்பிக்கவைத்தேன். சேச்சி மலையாளத்துக்காரி, ஆனாலும் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள்.

அந்த வாரம்தான் இவள் விழிஞ்ஞத்துக்குப் போகிற வழியில் புதிதாக வந்திருக்கிற ஒரு கம்பெனிக்குப் போனாள். துறைமுகத்தில் கண்டெயினர் பெட்டியைத் தூக்குகிற கொக்கி செய்கிற இடம். வாசலில் கிடந்த ஒரு கொக்கி தன் இடுப்பு உயரம் இருந்தது என்று வந்து சொன்னாள். சோதனைப் பிரிவுக்குத் தலைமை ஒரு மேடம். இவள் லாரிக் கதையை வழக்கம்போலத் தானே சொல்லியிருக்கிறாள். மேடம் சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. "விசாரித்துவிட்டுச் சொல்கிறோம்" என்றாராம். இன்னொரு போன், இன்னொரு மூச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் காலை ஒரு ஆள் தெருவுக்குள் வந்தார். தேய்த்த சட்டை, பளபளவென்று ஷூ, தோளில் பை. பேத்தி பழைய காலேஜில் ஏதோ சர்ட்டிபிகேட் வாங்கப் போயிருந்தாள். அந்த ஆள் முதலில் இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். பிறகு எதிர்வீட்டுக்குப் போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வந்துவிட்டார்கள்! ஓடிப் போய் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டேன்.

இஸ்திரிக்காரர் சொன்னது தெருமுழுக்கக் கேட்டது. "தலை நிமிந்து நடக்காத பிள்ள சார். யாரையும் எதுத்து ஒரு வார்த்த பேசினது கிடையாது."

சேச்சி அதற்கும் மேலே போனாள். "கல்யாணம் கழிஞ்சா பின்னே ஜோலிக்குப் போகாது, கேட்டோ. வீட்டுல இருந்து எல்லாரையும் நல்லாப் பாத்துக்கும். அம்மச்சிதன்னே பறஞ்சதாக்கும்." அம்மச்சி என்று அவள் சொன்னது என்னைத்தான்.

என்னிடம் வந்தபோது நான் காப்பியும் நேந்திரங்காய் வறுவலும் வைத்தேன். இந்த வீட்டில்தானே இருக்கிறார், எத்தனை வருஷமாக இருக்கிறார் என்று கேட்டார். சொன்னேன். ஆள் எப்படி என்று கேட்டார். அதற்குத்தானே காத்திருந்தேன்.

"யாரு என்ன சொன்னாலும் சரின்னு தலையாட்டுத பிள்ள. முடியாதுங்க வார்த்த அது வாயில இதுவரைக்கும் வந்ததில்ல. நீங்க எத நீட்டினாலும் வாங்கிக்கிடும்."

எல்லாவற்றையும் போனில் தட்டித் தட்டி ஏற்றினார். வீட்டு வாசலைப் படம் பிடித்தார். மாப்பிள்ளை வீட்டில் காட்டுவதற்கு என்று நினைத்து, மிதியடியை நேராக இழுத்துப் போட்டேன். கடைசியில் அதையே ஒரு தாளிலும் எழுதி நீட்டி, நீங்கள் சொன்னது இதில் இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள் என்றார். இந்தக் காலத்து மாப்பிள்ளை வீட்டார் எல்லாவற்றிலும் முறையாக இருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வரி கூடப் பார்க்காமல், மூன்றாம் வகுப்பில் படித்த எழுத்தையெல்லாம் கூட்டிக் கையெழுத்துப் போட்டேன். இன்னும் எட்டு வீடு பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரே நாளில் ஒன்பது பெண்ணா என்று எனக்கு ஒரு நிமிஷம் இடித்தது. இருந்தாலும் ஒன்பதில் நம் பெண்தான் முதலில் நிற்பாள் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

சாயங்காலம் பேத்தி வந்தாள். எனக்கு வாய் நிற்கவில்லை. ஜாதகம் கொடுத்ததை ஒப்புக்கொண்டு, ஆள் வந்ததையும், தெருவே சேர்ந்து அவளைத் தூக்கி வைத்ததையும் சொன்னேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஆச்சி, அவரு கழுத்துல அட்ட ஏதும் தொங்கிச்சா?"

"தொங்கிச்சு. படம்கூட இருந்துச்சு, அவரு படந்தான். நல்ல குடும்பத்துக்காரன்னு நெனச்சேன்."

கையிலிருந்த பையை மெதுவாகத் தரையில் வைத்தாள். "அது கம்பெனி அனுப்பின ஆளு ஆச்சி. வேலைக்கு எடுக்கதுக்கு முன்னால வீடு வாசல், ஆளு எப்படின்னு விசாரிக்கதுக்கு அனுப்புவாங்க."

"சரி, நல்லதாத்தானே சொல்லியிருக்கு?"

"மேடம் தேடுறதே முடியாதுன்னு சொல்ற ஆளத்தான். கொக்கி அறுந்தா கீழ நிக்கவன் செத்துருவான். நாலு கம்பெனி நான் முடியாதுன்னு சொல்லிருவேன்னு வேண்டாம்னுச்சு. அஞ்சாவது, நான் எல்லாத்துக்கும் சரின்னு சொல்லுவேன்னு வேண்டாங்கப் போவுது. அதுல கல்யாணம் ஆனா வேலையயும் விட்டுருவேனாம்."

இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அன்றைக்கு அவளும் கட்டில் ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். உயிர் போனாலும் பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவள் நின்றதற்குத்தான் வேலை போனது. நான் ஒரு காப்பி ஆறுவதற்குள் அதைப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் அவள் சாம்பல் சட்டையைப் போட்டபோது நானும் செருப்பைப் போட்டேன். வேண்டாம் என்றாள். கெடுத்தவள் நான், நான் வருவேன் என்றேன். பழவங்காடியில் இறங்கிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போகலாம் என்று பார்த்தேன். விழிஞ்ஞம் பஸ் கிளம்புகிறது என்று கையைப் பிடித்து இழுத்து ஏற்றிவிட்டாள். பிள்ளையாருக்கு அந்த முக்கின் நெரிசல் தெரியாதா, பொறுத்துக்கொள்வார்.

கம்பெனி வாசலில் காவல்காரர் என்னைப் பார்த்து, அம்மச்சிக்கும் இண்டர்வியூவா என்றார். "எனக்கு வேல போட்டுக் குடுத்தா உங்க சட்டைக் காலர முதல்ல தொவைப்பேன்" என்றேன். உள்ளே விட்டார்.

மேடம் காலில் பெரிய ஷூ, தலைமுடி முழுக்க நரை. மேசையில் அந்தத் தாள் கிடந்தது. என் கையெழுத்து கோணலாக என்னையே பார்த்தது.

"இது எந்தாணு, என்னது இது?" என்று மேடம் கேட்டார். "பழய கம்பெனி சொல்லுது, ஒத்துப் போகாத பெண்குட்டி. வீட்டுல சொல்லுறாங்க, எல்லாத்துக்கும் தலையாட்டும். இதுல ஏது சத்யம்?"

நான் முந்திக்கொண்டேன். "நான் சொன்னது பச்சப் பொய்யி. மாப்பிள வீட்டுக்காரவியன்னு நெனச்சுச் சொல்லிட்டேன். இவ எதுக்குத் தலையாட்டியிருக்கா? ஆசாரி கதவு வச்சப்ப ஸ்கேலத் தூக்கிட்டு வந்து மூணு தடவ கழத்தி மாட்ட வச்சா. கேஸ் சிலிண்டர்ல வாசரு சரியில்லன்னு திருப்பி அனுப்பிட்டு எனக்கு ரெண்டு நாளு வெறகடுப்பு. நான் பிசைஞ்ச புட்டு மாவக்கூட வெரல விட்டுப் பாப்பா. இவளோட குடியிருக்கதுக்கு எனக்குத்தான் சம்பளம் தரணும்."

மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டார். "அது சரி, அம்மச்சி. பக்ஷே, இது கையெழுத்துப் போட்டு வந்த ரிப்போர்ட்."

அப்போதுதான் பேத்தி வாயைத் திறந்தாள். கெஞ்சுவாள் என்று நினைத்தேன்.

"மேடம், அந்த ரிப்போர்ட் தப்பு. கையெழுத்து இருந்தா விரிசல் மறைஞ்சிருமா? அத வச்சு என்ன வேண்டாம்னு சொல்லாதீங்க. ஆச்சி இப்ப சொன்னத வச்சு எடுக்கவும் செய்யாதீங்க, அவங்க எனக்கு வேண்டப்பட்டவங்க. தள்ளிட்டு மறுபடியும் விசாரிங்க. தெருவுல யாருட்ட வேணும்னாலும் கேளுங்க. நாங்க ஒருத்தர்ட்டயும் முன்கூட்டிச் சொல்லி வைக்க மாட்டோம்."

"மறுபடி விசாரிச்சு மோசமா வந்தா?"

"வந்தா நான் அந்த மாதிரிதான்னு அர்த்தம்."

எனக்கு அவளை ஒரு கிள்ளு கிள்ள வேண்டும்போல இருந்தது. வேலை கேட்டு வந்த இடத்தில் பேசுகிற பேச்சா இது? மேடம் அந்தத் தாளை எடுத்து, குறுக்கே ஒரு கோடு போட்டு, ஓரத்தில் ஏதோ எழுதினார். போய்வரச் சொன்னார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பேத்தி என்னிடம் ஒரே சத்தியத்தைத் திரும்பத் திரும்ப வாங்கினாள். தெருவில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. என் வாழ்க்கையிலேயே கஷ்டமான நாட்கள் அவை. சேச்சி வந்து, அம்மச்சி, அந்த மாப்பிள வீட்டுக்காரர் என்ன சொன்னாங்க என்று கேட்பாள். நான் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே பல்லைக் கடிப்பேன். வாய்க்குள் வார்த்தை முட்டும். கீரையின் காம்பெல்லாம் பொடிப்பொடியாகும்.

இரண்டாவது தடவை வேறொரு ஆள் வந்தார். எடுத்தவுடனே, இன்ன கம்பெனியிலிருந்து வருகிறேன், வேலை விஷயமாகக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டார். ஒப்பித்த பாடம் உதவாது என்று தெரிந்ததும் என் ஆட்கள் இருவரும் திணறினார்கள். ஜன்னலுக்குப் பின்னால் நான் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். பக்கத்தில் பேத்தி என் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தாள், நான் வெளியே ஓடிவிடாமல் இருக்க.

இஸ்திரிக்காரர் நெற்றியைச் சொறிந்தார். பிறகு உள்ளே கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. "உள்ளதச் சொல்லட்டுமா சார்? கையில ஒரு மடிப்பு கோணலா இருந்தா திருப்பிக் குடுத்துரும். ஒரே சட்டய மூணு தடவ தேச்சிருக்கேன். இது தெருவுல வருதுன்னா நான் வண்டிய அந்தப் பக்கம் திருப்பிருவேன். ஆனா ஒண்ணு சார், இது வாங்கிட்டுப் போயிருச்சுன்னா அதுக்கு மேல ஒருத்தனும் குத்தம் சொல்ல முடியாது."

சேச்சி இரண்டு கையையும் இடுப்பில் வைத்தாள். "என்ட குக்கர் கேடு வந்நப்போ, ரப்பர் மாத்தாம இத அடுப்புல வச்சா நான் ஸ்டவ்வ எடுத்துட்டுப் போயிருவேன்னு சொல்லிச்சு. எடுத்துட்டும் போச்சு. ரெண்டு நாளு திருப்பித் தரல. என்ட பர்த்தாவே இத கண்டா பயப்படும்."

அந்த ஆள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். என் வீட்டுக்கு வந்து முகவரியை மட்டும் சரிபார்த்தார். காப்பி கொடுத்தேன், வாயைத் திறக்கவில்லை. அவர் நீட்டிய தாளைப் பேத்தி எனக்கு முதலிலிருந்து கடைசிவரை படித்துக் காட்டினாள். அதில் வீட்டு எண்ணும் அவள் இங்கே என்னோடு குடியிருக்கிறாள் என்பதும் மட்டும் இருந்தன. அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

ஐந்தாம் நாள் மேடமே போன் செய்தார். ஒன்றாம் தேதி வந்து சேரச் சொன்னார். பழைய மேனேஜருக்கும் மறுபடி போன் போட்டாராம். ஒத்துப்போக மாட்டாள் என்று அவர் மூச்சு விட்டபோது, எதற்கு ஒத்துப்போக மாட்டாள் என்று மேடம் கேட்டாராம். நாலு கம்பெனியில் ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை. வேறு போன் வருகிறது என்று அவர் வைத்துவிட்டாராம்.

பேத்தி போனை வைத்துவிட்டுச் சட்டையை எடுத்து, தளர்ந்திருந்த பொத்தானைத் தைக்க உட்கார்ந்தாள். நான் வெளியே போனேன். எத்தனை நாள் அடக்கி வைத்த வாய்! இஸ்திரிக்காரரும் சேச்சியும் ஏற்கெனவே வாசலில் நின்றார்கள். பின்னால் தெருவில் பாதிப்பேர்.

"கெடச்சாச்சு. நீங்க ரெண்டுபேரும் அவளப் பத்தி வாய்க்கு வந்தபடி குத்தம் சொன்னீங்கள்லா, அதுக்குத்தான் குடுத்திருக்காவ" என்றேன்.

சேச்சி நெஞ்சில் கை வைத்தாள். "அய்யோ அம்மச்சி, பின்ன கல்யாண ஆலோசன?"

"அதுக்கும் ஆளு வருவாவ. அவியகிட்டயும் இதையே சொல்லிருங்க, மடிப்பு, குக்கரு, எல்லாத்தையும். கேட்டுட்டு ஓடுதவன் ஓடட்டும், நிக்கவன் உள்ள வரட்டும்" என்றேன். "என்னப் பத்தி யாராவது விசாரிச்சா மட்டும், ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும், பழையபடியே சொல்லுங்க."